ஃபேரி நாவல்கள்: நான்கில் எதை முதலில் எடுப்பது?

இளையோர் ஃபேண்டசி பக்கம் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "ஃபேரி கதை ஒன்று படிக்கணும், எதிலிருந்து ஆரம்பிக்கிறது?" பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றும். பின்னட்டைக் குறிப்புகளும் உதவாது. மனிதப் பெண் ஒருத்தி, அழகும் ஆபத்துமான ஃபேரி ஆண் ஒருவன், சூது நிறைந்த ஒரு அரசவை. எல்லாப் புத்தகங்களும் ஒரே கதையைச் சொல்வது போலத்தான் தெரியும்.

அவை ஒரே கதை அல்ல. நான் படித்தவற்றில், இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் அடிபடுகிற நான்கை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்: ஹாலி பிளாக்கின் 'தி க்ரூயல் பிரின்ஸ்' (2018), சாரா ஜே. மாஸின் 'எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோஸஸ்' (2015), ஜூலி ககாவாவின் 'தி அயர்ன் கிங்' (2010), மார்கரெட் ரோஜர்சனின் 'ஆன் என்சான்ட்மென்ட் ஆஃப் ரேவன்ஸ்' (2017). நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பதை மறைக்கப் போவதில்லை. ஆனால் எனக்குப் பிடித்தது உங்களுக்கு முதல் புத்தகமாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

ஒரு சொல் விவகாரத்தை முதலில் முடித்துவிடலாம். 'ஃபேரி' என்பதைத் 'தேவதை' என்று எழுதினால் எல்லாம் கெட்டது. தேவதை வரம் கொடுப்பாள். இவர்கள் கொடுப்பது ஒப்பந்தம். ஸ்காட்லாந்து, அயர்லாந்து, இங்கிலாந்து நாட்டுப்புறக் கதைகளில் வரும் இந்த ஆட்கள் நல்லவர்களும் அல்ல, கெட்டவர்களும் அல்ல. அவர்களுக்கு நம் நியாயம் தெரியாது, அவ்வளவுதான். 'டாம் லின்' என்று ஒரு பழைய ஸ்காட்டிஷ் கதைப்பாடல் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் ஃபிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டு தொகுத்த கதைப்பாடல்களில் அதற்கு 39-ஆம் எண். ஃபேரி ராணியிடம் சிக்கிய காதலனை ஜேனட் என்ற பெண் குதிரையிலிருந்து இழுத்து அணைத்துக்கொள்கிறாள். அவன் அவள் கைக்குள்ளேயே பாம்பாக, மிருகமாக, பழுக்கக் காய்ச்சிய இரும்பாக மாறுகிறான். அவள் விடவில்லை. ஏழு வருடத்துக்கு ஒருமுறை ஃபேரிகள் நரகத்துக்குக் கட்ட வேண்டிய கப்பமாக அவன் போய்விடக் கூடாது என்பதற்காக. இந்தக் குளிர்ந்த பயம் கொஞ்சமாவது இருந்தால்தான் எனக்கு அது ஃபேரி கதை.

## எதை வைத்து எடை போடுவது

விதி வேலை செய்கிறதா? மரபுப்படி ஃபேரிகளால் பொய் சொல்ல முடியாது. இரும்பு ஆகாது. கொடுத்த வாக்கை மீற முடியாது, ஆனால் வாக்கின் சொற்களைத் திருகலாம். இந்த விதிகள் அலங்காரமாக இருக்கின்றனவா, கதையே அவற்றால் நகர்கிறதா? எனக்கு முதல் அளவுகோல் இதுதான்.

நாயகி என்ன செய்கிறாள்? அவளுக்கு நடப்பதுதான் கதையா, அவள் நடத்துவதா?

யார் படிக்கப் போகிறார்கள்? 13 வயதுக்கும் 19 வயதுக்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது. கடைகளில் இரண்டும் பக்கத்துப் பக்கத்துத் தட்டுகளில்தான் இருக்கும்.

எவ்வளவு தூரம் இழுக்கும்? ஒரு புத்தகம் வாங்குகிறோமா, ஐந்து புத்தகங்களுக்கு முன்பணம் கட்டுகிறோமா?

ஆங்கிலம் சரளமாக ஓடுகிறதா என்பதையும் ஆங்காங்கே சொல்கிறேன். ஆங்கில நாவல் வாசிப்பில் இப்போதுதான் காலெடுத்து வைக்கிறவர்களுக்கு அது முக்கியம்.

## தி க்ரூயல் பிரின்ஸ்

முதல் காட்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். ஏழு வயது ஜூட் தரையில் உட்கார்ந்து, மைக்ரோவேவில் சூடாக்கிய மீன் துண்டுகளைக் கெச்சப்பில் தோய்த்துத் தின்றுகொண்டிருக்கிறாள். கதவைத் தட்டுகிறான் ஒரு நீளக் கோட்டுக்காரன். சில நிமிடங்களில் அவளுடைய அம்மாவும் அப்பாவும் பிணம். அவன் பெயர் மேடாக். எதிரிகளின் இரத்தத்தில் தொப்பியைத் தோய்க்கும் 'ரெட்கேப்' இனத்துப் படைத்தளபதி. அவன் ஜூடையும் அவள் இரட்டைச் சகோதரி டாரினையும் கொல்லவில்லை. அவர்களுடைய அக்காவும் தன் சொந்த மகளுமான விவியோடு சேர்த்து ஃபேரி நாடான எல்ஃப்ஹேமுக்குக் கூட்டிப்போய் வளர்க்கிறான். வளர்ப்பது ஏனோதானோ என்று அல்ல, அக்கறையோடு. வாள் பிடிக்கக் கற்றுத் தருகிறான், போர் வியூகம் சொல்லித் தருகிறான்.

இந்த நாவலின் முதுகெலும்பு தலைப்பில் இருக்கும் இளவரசன் அல்ல, இந்த வளர்ப்புத் தந்தைதான் என்பது என் கட்சி. பெற்றோரைக் கொன்றவனிடமே ஒரு பெண் அன்பு வைத்துவிட்டாள். அதற்காகத் தன்னையே வெறுக்கிறாள். அவனைப் போலவே யோசிக்கவும் பழகிவிட்டாள். காதலுக்காக இந்தப் புத்தகத்தை எடுத்தவர்கள் கடைசியில் பேசுவது மேடாக்கைப் பற்றித்தான் என்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

விதிக்கு வருவோம். இங்கே ஃபேரிகளால் பொய் சொல்ல முடியாது. மனிதர்களால் முடியும். மாயமோ நீண்ட ஆயுளோ இல்லாத ஜூடிடம் இருப்பது அந்த ஒரே ஆயுதம்தான். அவள் ஒற்றர் வேலைக்குப் போவது, அரசவைச் சூதில் இறங்குவது எல்லாம் அதை நம்பித்தான். எத்தனையோ ஃபேரி கதைகள் இந்த விதியைத் தொட்டிருக்கின்றன. விதியின் மறுபக்கத்தை, அதாவது பொய் சொல்ல முடிகிறவளின் பலத்தை, இவ்வளவு முழுசாகப் பயன்படுத்திய கதை நான் படித்ததில் வேறு இல்லை. அப்புறம் விஷம். யாரும் தன்னை நஞ்சு வைத்துக் கொல்லக் கூடாது என்று அவள் தினமும் சிறு சிறு அளவில் விஷம் தின்று உடம்பைப் பழக்குகிறாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடக்கிற நாட்களும் வருகின்றன. நாயகியின் துணிச்சலைக் காட்ட வாள்சண்டையை விட இது எனக்கு ஆழமாகப் பட்டது.

பயமும் இருக்கிறது. ஜூட் வேலைக்காரி வேஷத்தில் மூத்த இளவரசன் ஒருவனின் மாளிகைக்குள் போகிற பகுதியைச் சொல்ல வேண்டும். அங்கே வேலை செய்யும் மனிதர்கள் எல்லாரும் மாயத்தில் கட்டுண்டவர்கள். உதடு வெடித்துக் கிடக்கிறது, கண்ணில் ஒன்றும் இல்லை, தாங்கள் களைத்துப்போனதே அவர்களுக்குத் தெரியவில்லை. அதற்கு முந்தைய அத்தியாயங்களில் பார்த்த விருந்தும் நடனமும் அந்த ஒரு காட்சியில் வேறு நிறம் எடுத்துவிடுகின்றன.

மறைமுகச் செலவு என்ன? முதல் மூன்றில் ஒரு பங்கு மெதுவாக நகரும், அதோடு கொடுமைப்படுத்தல் காட்சிகள் நிறைய. இளவரசன் கார்டனும் கூட்டாளிகளும் இரட்டையரை ஆற்றில் தள்ளி, கூர்ப்பல் நீர்ப்பெண்கள் நெருங்கும்போது, "உன் சகோதரியை விட்டுவிட்டு நீ மட்டும் கரையேறலாம்" என்கிற கணக்கில் பேரம் பேசுகிறார்கள். முதல் தடவை நான் அங்கேதான் புத்தகத்தை மூடினேன். இவன்தானா பின்னால் காதலன் ஆகப் போகிறவன் என்று எரிச்சல். பல மாதம் கழித்துத் திரும்ப எடுத்தபோதுதான் அந்தக் காட்சியில் டாரின் எடுக்கும் முடிவு பின்கதைக்கு விதை என்று புரிந்தது. பள்ளியில் துன்புறுத்தல் அனுபவித்தவர்களுக்கு இந்தப் பகுதி வலிக்கும். அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

இன்னொரு செலவு: முதல் பாகம் முடிகிற இடத்தில் அடுத்ததை எடுக்காமல் இருக்க முடியாது. 'தி விக்கெட் கிங்', 'தி குயின் ஆஃப் நத்திங்' இரண்டும் 2019-இல் வந்துவிட்டன, அதனால் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் மூன்றையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். மொழி எளிது, சிறு வாக்கியங்கள், நிகழ்காலத்தில் ஓடும் கதைசொல்லல்.

யாருக்கு: அரசியல் சூது, ஒற்று, துரோகம் பிடித்தவர்களுக்கு. காதல் மெதுவாக வந்தால் போதும் என்பவர்களுக்கு. 14, 15 வயதுக்கு மேல்.

## எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோஸஸ்

வேட்டையாடிக் குடும்பத்தைக் காப்பாற்றும் 19 வயது ஃபேய்ரா, காட்டில் ஒரு ஓநாயைக் கொல்கிறாள். அது ஓநாய் அல்ல. கணக்குத் தீர்க்க வந்தவன் அவளைச் சுவருக்கு அப்பால் ப்ரிதியன் என்ற ஃபேரி நிலத்துக்குக் கொண்டுபோகிறான். அழகியும் மிருகமும் கதையின் எலும்புக்கூடு, மேலே டாம் லின் பாடலின் சதை. நாயகனின் பெயரே டாம்லின்.

விதி விஷயத்தில் இந்த நாவல் ஒரு குறும்பு செய்கிறது. இரும்பு ஃபேரிகளை ஒன்றும் செய்யாதாம். பொய் சொல்ல முடியாது என்பதும் ஃபேரிகளே மனிதர்களிடம் பரப்பிய பொய்யாம். படித்தபோது சிரித்தேன், நல்ல சூழ்ச்சிதான். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. விதி போனதும் ஃபேரிகள் நீண்ட ஆயுளும் பலமும் உள்ள அழகிய மனிதர்களாகிவிடுகிறார்கள். வாக்கியத்தின் ஓட்டைக்குள் புகுந்து தப்பிக்கும் சுகம் இங்கே குறைவு.

பதிலுக்குக் கிடைப்பது வேகமும் உணர்ச்சியும். கடைசி மூன்றில் ஒரு பங்கு, மலைக்குக் கீழே நடக்கும் சோதனைகள், ஒரே மூச்சில் படிக்க வைக்கும். ஃபேய்ராவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. அவளுக்கு வைக்கப்படும் ஒரு சோதனை அதில்தான் கை வைக்கிறது. வாளும் வில்லும் உதவாத இடத்தில் அவள் நிற்கும் அந்தப் பக்கங்கள் எனக்குப் புத்தகத்தின் உச்சம். விடுகதை ஒன்று வருகிறது, அதன் விடையைப் பெரும்பாலான வாசகர்கள் அவளுக்கு முன்பே கண்டுபிடித்துவிடுவார்கள். நானும்தான். பக்கத்தைப் பார்த்துக் கத்த வேண்டும் போல இருந்தது.

வயது விஷயத்தில் கவனம் தேவை. 2015-இல் இளையோர் நாவலாகத்தான் இது வெளிவந்தது. 2020-இல் புதிய அட்டையோடு பெரியவர்களுக்கான நாவலாக மறுபதிப்பானது. அதுதான் சரியான இடம். வெளிப்படையான பாலியல் காட்சிகள் உண்டு, அடுத்தடுத்த பாகங்களில் இன்னும் கூடும். என் அக்கா மகள் 13 வயதில் இதைக் கேட்டாள், வகுப்பில் யாரோ சொன்னார்களாம். "இப்ப வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் மறுநாளே வேறு எங்கிருந்தாவது கைக்கு வந்துவிடும். அதனால் காரணத்தையும் சொல்லி, பதிலுக்கு 'தி அயர்ன் கிங்'கைக் கொடுத்தேன்.

இன்னொரு செலவு பற்றி ரசிகர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள். அவர்கள் உருகுகிற தொடர் இரண்டாம் பாகத்தில்தான் ஆரம்பிக்கிறது. முதல் பாகத்தில் நீங்கள் நம்பிய சில உறவுகளை அது தலைகீழாக்குகிறது. முதல் பாகத்தோடு நிறுத்துகிறவர்களுக்கு, இதற்கா இவ்வளவு பேச்சு என்று தோன்றும். தொடர்கிறவர்கள் தடித்தடியான புத்தகங்களுக்குத் தயாராக வேண்டும். 2021 வரை ஒரு குறுநாவலோடு சேர்த்து ஐந்து வந்திருக்கின்றன.

யாருக்கு: காதல்தான் முதலில், மற்றதெல்லாம் அப்புறம் என்பவர்களுக்கு. 18-க்கு மேல்.

## தி அயர்ன் கிங்

மெகன் சேஸுக்குப் பதினாறாவது பிறந்தநாள் நெருங்குகிறது. அவளுடைய குட்டித் தம்பி ஈதனைத் தூக்கிப்போய்விட்டு, அவன் இடத்தில் கடிக்கிற ஒன்றை வைத்துவிட்டார்கள். தம்பியை மீட்கக் கிளம்புகிறாள். ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் பார்த்த ஓபரானும் டைட்டானியாவும் பக்கும் இங்கே கதாபாத்திரங்கள்.

இதில் ஒரு அருமையான கற்பனை இருக்கிறது. பழைய ஃபேரிகள் மனிதர்களின் கனவிலிருந்து பிறந்தவர்கள், நாம் மறந்தால் மங்கிப்போவார்கள். அப்படியென்றால் இன்றைய மனிதர்கள் இயந்திரங்களைப் பற்றிக் காணும் கனவிலிருந்து என்ன பிறக்கும்? இரும்பு ஃபேரிகள். பழையவர்களுக்கு இரும்பே நஞ்சு என்பதால், இவர்கள் பரவப் பரவ அந்த நிலமே அழுகுகிறது. ஒரு பழைய விதியிலிருந்து இப்படிப் புது எதிரியை உருவாக்கியது பெரிய விஷயம்.

ஒப்பந்தங்களும் நன்றாக வருகின்றன. கிரிமால்கின் என்ற பேசும் பூனை எதையும் சும்மா செய்யாது. வழி காட்டினாலும் கைம்மாறு உண்டு, அதை எப்போது கேட்கும் என்று தெரியாது. பூனை வருகிற பக்கமெல்லாம் எனக்கு இனித்தது.

நாயகிதான் பலவீனம். அவளை எச்சரிப்பார்கள், அவள் மாட்டிக்கொள்வாள், யாராவது வந்து காப்பாற்றுவார்கள். ஜூடைப் படித்துவிட்டு இதற்கு வந்தால் பொறுமை போகும். அதனால்தான் வரிசை முக்கியம் என்கிறேன். முதலில் இதைப் படித்தால் குறை பெரிதாகத் தெரியாது. முக்கோணக் காதல் உண்டு, மென்மையானது.

யாருக்கு: 12, 13 வயதில் தொடங்குகிறவர்களுக்கு, சாகசப் பயணம் வேண்டுபவர்களுக்கு, நீள ஆங்கில நாவல் இதுதான் முதல் தடவை என்பவர்களுக்கு.

## ஆன் என்சான்ட்மென்ட் ஆஃப் ரேவன்ஸ்

நான்கில் குறைவாகப் பேசப்படுவது இதுதான். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

17 வயது இசபெல் ஓவியர். ஃபேரிகளுக்கு உருவப்படம் வரைந்து பிழைக்கிறாள். முதல் பக்கத்திலேயே ஆளி விதை எண்ணெய் வாசனையும் துணியில் காயாத மஞ்சள் சாயமும் வந்துவிடுகின்றன. இந்த உலகத்தின் ஃபேரிகளால் எதையும் படைக்க முடியாது. சமைக்க, நெய்ய, எழுத என்று எதைத் தொட்டாலும் சாவு. அதனால் மனிதர்களின் கைத்தொழில் மீது அவர்களுக்குத் தீராப் பசி. கூலியாக மாய வரம் தருவார்கள், ஒவ்வொரு வரத்திலும் ஒரு கொக்கி இருக்கும். ஆகவே இசபெல் வக்கீல் பத்திரம் எழுதுவது போல ஒவ்வொரு சொல்லையும் எடை போட்டு வரம் கேட்கிறாள். இசபெல் என்பதே அவளுடைய உண்மைப் பெயர் அல்ல. உண்மைப் பெயர் தெரிந்தால் ஆளையே பிடித்துவிடுவார்கள்.

இலையுதிர்கால இளவரசன் ரூக்கின் படத்தில் அவள் ஒரு தவறு செய்கிறாள். அவன் கண்ணில் பார்த்த துயரத்தை அப்படியே வரைந்துவிடுகிறாள். ஃபேரிகளின் சபையில் அது பலவீனத்தின் சாட்சி. நன்றாக வரைந்ததே குற்றமாகிவிட, அவளை விசாரணைக்கு இழுத்துப்போகிறான். இவ்வளவு அழகான தொடக்கம் இந்த வகையில் அபூர்வம்.

வீட்டில் மார்ச், மே என்று இரண்டு குட்டித் தங்கைகள். உண்மையில் ஆட்டுக்குட்டிகள், குடிபோதையில் ஒரு ஃபேரி மனிதக் குழந்தைகளாக்கிவிட்டது. இன்னமும் கண்டதையும் மெல்கிறார்கள். பயத்துக்கு நடுவே இந்தச் சிரிப்பு தேவைப்படுகிறது.

குறை நடுவில். காட்டில் நடந்துகொண்டே இருக்கிறார்கள், காதல் எங்கே முளைத்தது என்று பார்ப்பதற்குள் மரமாகி நிற்கிறது. எதிரியும் கடைசியில்தான் வடிவம் பெறுகிறான். ஆங்கிலம் மற்ற மூன்றையும் விட அடர்த்தி. நிறங்களின் பெயருக்கே சிலர் அகராதி எடுப்பார்கள். ஆனால் ஒரே புத்தகம், தொடர் கிடையாது. மூடி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

யாருக்கு: வரைகிறவர்கள், எழுதுகிறவர்கள், மொழியை ரசிக்கிறவர்களுக்கு. தொடர் என்றாலே ஓடுகிறவர்களுக்கு.

## ஒரே பார்வையில்

| | க்ரூயல் பிரின்ஸ் | தார்ன்ஸ் அண்ட் ரோஸஸ் | அயர்ன் கிங் | ரேவன்ஸ் |
|---|---|---|---|---|
| பழைய விதி | கதையின் இயந்திரமே அதுதான் | வேண்டுமென்றே உடைக்கிறது | இரும்பு விதியிலிருந்து எதிரி பிறக்கிறான் | வரங்களிலும் பெயரிலும் பலம் |
| நாயகி | திட்டமிடுகிறாள் | தாங்குகிறாள், பின்பு எதிர்க்கிறாள் | பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறாள் | யோசித்துப் பேசுகிறாள் |
| காதல் | கொஞ்சம், முள்ளோடு | நிறைய | மென்மை | அவசரம் |
| வயது | 14+ | 18+ | 12+ | 13+ |
| நீளம் | மூன்று பாகம் | ஐந்து, பெரியவை | தொடர் | ஒன்றே ஒன்று |
| ஆங்கிலம் | எளிது | எளிது, ஆனால் நீளம் | மிக எளிது | அடர்த்தி |

வயது எண்கள் என் கணிப்பு, சட்டம் அல்ல. பிள்ளைகளை உங்களுக்குத் தெரியும்.

## சரி, நீங்கள் எந்த இடத்தில் நிற்கிறீர்கள்?

ஒன்றே ஒன்றுதான் படிப்பேன், பிடித்ததா என்று அப்புறம் பார்ப்போம் என்றால் ரேவன்ஸ். வளரிளம் பிள்ளைக்குப் பரிசு என்றால் அயர்ன் கிங். நண்பர்கள் எல்லாரும் பேசுகிறார்கள், நானும் பேச வேண்டும் என்றால் தார்ன்ஸ் அண்ட் ரோஸஸ். ஆனால் முதல் பாகத்தை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள், இரண்டாவதையும் சேர்த்து எடுங்கள்.

இந்தக் கேள்விக்கெல்லாம் வெளியே நின்று, ஃபேரி கதை எதற்காக என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பவருக்கு க்ரூயல் பிரின்ஸ். நூறு பக்கத்தில் மூடி வைத்தவர்களும் இருப்பீர்கள், என்னைப் போல. திரும்ப எடுக்கும்போது ஒன்று செய்து பாருங்கள். கார்டனும் அவன் கூட்டாளி லாக்கும் பேசுகிற இடங்களில் வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு வாக்கியமும் சொல்லுக்குச் சொல் உண்மை என்று வைத்துக்கொண்டு படியுங்கள். அவர்கள் எதைச் சொல்லாமல் தாண்டிப் போகிறார்கள் என்று பென்சிலால் ஓரத்தில் குறித்தேன் நான். ஆற்றங்கரைக் காட்சியின் ஓரத்தில் மட்டும் ஐந்து குறி இருக்கிறது.